சார்ஜென்ட் டாகெர்ட்டும் அவருடைய 'யும்'மும்

“உனக்கு ராணுவத்துல சேரணுமா, இல்ல ராணுவத்து மேல ஏறி உக்காரணுமா?”

பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம், ஜனவரி மாதத்தில், சார்ஜென்ட் லைல் டாகெர்ட் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒருவன் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்டிருந்தால் அவனும் திருதிருவென்றுதான் விழித்திருப்பான்.

“ஆபீசர் ஆகணும் சார். காலேஜ்ல படிச்சுக்கிட்டே” என்று மட்டும் சொன்னேன்.

“சார்னு கூப்பிடாதே. ஆபீசருங்களைத்தான் சார்னு கூப்பிடுவாங்க. நான் உழைச்சுச் சாப்பிடுறவன்.” நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “என்ன, காலேஜா? தாராளமா படிக்கலாமே. அதையும் பண்ணலாம்.”

இந்தக் கதையே அந்த 'யும்'மைப் பற்றியதுதான். “அதைப் பண்ணலாம்” என்று சொல்லியிருந்தால் அது பொய். “அதையும் பண்ணலாம்” என்பது பொய் இல்லை. முதலில் வேறொன்றைப் பண்ண வேண்டும் என்று அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த வேறொன்று என்ன என்று கேட்காதது கேட்பவருடைய தவறு. சார்ஜென்ட் டாகெர்ட் பொய்யே பேசாத மனிதர். எங்கள் ஊரில் அவரளவுக்குக் கவனமாக உண்மை பேசியவரை நான் பார்த்ததில்லை.

நான் எப்படி அங்கே போய் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மில்ஹேவனில் ராணுவம் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே இடம். நெடுஞ்சாலை ஓரத்துக் கடை வரிசையில், நகச் சாயம் பூசும் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் இருக்கும் ஆள்சேர்ப்பு அலுவலகம். ரொட்டி வேண்டுமென்றால் ரொட்டிக் கடைக்குப் போகிற மாதிரி, ராணுவ ஆபீசர் ஆக வேண்டுமென்று நான் அங்கே போனேன். இப்படிப் போகிற முதல் ஆள் நான் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் வழக்கமாகச் செய்கிற தவறுதான். கல்லூரியில் படித்துக்கொண்டே பயிற்சி எடுத்து, பட்டத்தோடு லெப்டினன்ட் ஆகிற வழி ஒன்று இருக்கிறது. அதில் தேர்வானால் படிப்புச் செலவையும் ராணுவமே ஏற்கும். ஆனால் அதன் வாசல் கல்லூரிக்குள்ளே, அனேகமாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், யாரும் போகாத ஒரு மூலையில் இருக்கிறது. பீட்சா கடைப் பக்கத்தில் இல்லை.

அந்த வழிக்கு விண்ணப்பிக்க மார்ச் வரைக்கும் நேரம் இருந்தது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அம்மாவின் சம்பளத்தில் கல்லூரி நடக்காது. அது கிடைக்காவிட்டால் கோடையில் வேலை பார்க்கும் ஐஸ்கிரீம் கடையிலேயே எனக்கு வயசாகி, அந்த மெஷினோடு சேர்த்து என்னையும் மாற்ற வேண்டியிருக்கும்.

“பேரு?” என்றார் டாகெர்ட்.

“கெல்சி ப்ரூபேக்கர்.”

“ஓ, ப்ரூபேக்கர்! உன் மார்க் எனக்குத் தெரியுமே!”

எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: இலையுதிர் காலத்தில் எங்களைக் கணக்கு வகுப்பிலிருந்து விடுவித்து, டோனட் கொடுத்து, திறனறித் தேர்வு என்று ஒன்றை எழுத வைத்தார்களே, அந்த மார்க். அது ராணுவத்தின் தேர்வு. டோனட் எதற்காக என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். எனக்குப் பதினெட்டு முடிந்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் அப்பாவே மறந்துபோன பிறந்தநாளுக்கு, கேக் படம் போட்டு எனக்கு வந்த ஒரே வாழ்த்து, பெயர் தெரியாத ஒரு எண்ணிலிருந்து வந்திருந்தது. அந்த எண் இவருடையதுதான்.

சார்ஜென்ட் டாகெர்ட்டும் எங்கள் ஊர்க்காரர்தான். எங்கள் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் குண்டு எறிதலில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. அவருக்குப் பிறகு யாரும் குண்டை அவ்வளவு தூரம் எறியவில்லை. அவரும் அதே கடை வரிசை வழியாகத்தான் ராணுவத்துக்குப் போனார். இப்போது பீட்சா கடை இருக்கிற இடத்தில் அப்போது வீடியோ கடை இருந்ததாம். டாங்க் மெக்கானிக் ஆனார். கான்சாஸ் ராணுவ முகாமில் பனியிலும் புழுதியிலும் டாங்குக்கு அடியில் படுத்துக்கிடந்த வருடங்களைப் பற்றி அவர் பேசினால், வேறு ஆட்கள் தேனிலவைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒருநாள் ராணுவம் அவரைக் கூப்பிட்டு, நீ நன்றாகப் பேசுகிறாய், ஊருக்குப் போய் ஆள் சேர் என்றது. அவர் நன்றாகப் பேசுவதாக அதற்கு முன் யாரும் சொன்னதில்லையாம்.

அதனால் அவர் இப்போது மதிய உணவு நேரத்தில் எங்கள் பள்ளிக் கேன்டீனில் ஒரு இரும்புக் கம்பியை நட்டுவைத்துக்கொண்டு நிற்பார். அதில் தொங்கி உடம்பைத் தூக்குகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் இலவசம். பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் சுற்றிப் போவார்கள். யாரும் வராத நாளில் அவரே கம்பியில் தொங்குவார். எங்களுக்கு வழிகாட்டி ஆசிரியை என்று ஒருவர் உண்டு. ஆபீசர் ஆவது எப்படி என்று நான் கேட்டபோது, அந்தம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேனாவால் கேன்டீன் பக்கம் காட்டினார். என் எதிர்காலத்துக்கு அந்தப் பள்ளிக்கூடம் செய்த உதவி அவ்வளவுதான்.

நான் அவர் அலுவலகத்துக்குப் போன அன்றிலிருந்து, டாகெர்ட்டின் செய்திகளால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. “எழுந்தாச்சா வீராங்கனை?” “இன்னிக்கு ஓடினியா?” “ஒரு மெடிக்கல் செக்கப் மட்டும் பாக்கி.” என்னைக் காதலித்தவன்கூட இவ்வளவு செய்தி அனுப்பியதில்லை. காதலித்தவன் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு சனிக்கிழமை டாகெர்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா டயர் கடையின் கவுன்டரில் வேலை செய்கிறவள். நாலு டயர் வாங்க வந்தவனுக்கு ஐந்தாவது டயரையும் விற்று அனுப்புவாள். சரியான ஜோடி மாட்டியது என்று நான் சந்தோஷமாக வேடிக்கை பார்க்க உட்கார்ந்தேன்.

“உள்ள வாங்க தம்பி” என்றாள் அம்மா. “மொதல்லயே சொல்லிடறேன், எங்க வீட்ல எதுவும் வாங்கறதா இல்ல.”

“நான் எதுவும் விக்க வரலீங்கம்மா.”

“நானும் கடையில அப்படித்தான் ஆரம்பிப்பேன். உக்காருங்க.”

டாகெர்ட் உட்காரவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த நீல வண்டி உங்களோடதா? கண்ணாடி உள்பக்கம் பனி உறைஞ்சிருக்கே. ஹீட்டர் வேலை செய்யலையா?”

“ரெண்டு குளிர்காலமா செய்யல. மெக்கானிக் கேக்கற காசுக்கு நான் ரெண்டு கோட்டு போட்டுக்கிட்டே ஓட்டிடுவேன்.”

“சாவியக் குடுங்க.”

சீருடையோடு போய் வண்டிக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டார். பூட்ஸ் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பனி அவற்றின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, கையெல்லாம் கறுப்பாக, முகம் மட்டும் பளபளவென்று உள்ளே வந்தார். “சூட்டுக் காத்துக்கு வழிவிடற தட்டு ஒண்ணு உள்ள இருக்கு. அதைத் திருப்புற பிளாஸ்டிக் கை உடைஞ்சு போயிருந்தது. கம்பி வச்சுக் கட்டியிருக்கேன். இனி காத்து சூடா வரும்.” கேன்டீனில் அந்த இரும்புக் கம்பியின் பக்கத்தில் நான் ஒருநாளும் பார்க்காத முகம் அது.

அம்மா தோற்றுவிட்டாள். பன்றிக்கறியும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த எங்கள் வீட்டுக் குழம்பை இரண்டு தட்டு வைத்தாள். “கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி. வீட்ல யாரு சமைக்கிறா?”

“பெட்ரோல் பங்க்ல ஹாட் டாக் விக்கிறாங்கம்மா” என்றார் அவர்.

அவர் போனதும் அம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “பாவம்டி. நல்ல புள்ள. அவரு சொல்றதக் கேட்டா என்ன?”

“அம்மா, அவரு என்னையப் புடிக்க வந்திருக்காரு.”

“ஹீட்டர் ஓடுதில்ல?”

இப்படியாக என் தாய் ஒரு துண்டுக் கம்பிக்கு என்னைக் கொடுத்துவிட்டாள்.

அவர் கேட்டது ஒரே ஒரு மருத்துவப் பரிசோதனைதான். “ஆபீசருக்கும் உடம்பு இருக்கில்ல? அதையும் பாக்கணுமில்ல?” என்றார். மறுபடியும் அந்த 'யும்'. கல்லூரி வழிக்கு வேறு மருத்துவர்கள், வேறு இடம் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நகரத்தில் இருக்கும் பரிசோதனை நிலையத்துக்கு என்னையும் இன்னும் சிலரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். காது, கண், ரத்தம், சிறுநீர் எல்லாம் ஆனது. பிறகு பெண்களை ஒரு அறையில் உள்ளாடையோடு வரிசையாக நிறுத்தி, குந்தி உட்கார்ந்து வாத்து மாதிரி நடக்கச் சொன்னார்கள். நாட்டைக் காக்க வாத்து நடை எதற்கு என்று எனக்குத் தெரியாது. எதிரிப் படைக்கு வாத்துப் பிடிக்காது போலிருக்கிறது.

அதன் பிறகு ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் மார்க்கைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

“எரிபொருள் பிரிவு போட்டுடலாமா? லாரிக்கும் ஹெலிகாப்டருக்கும் எண்ணெய் நிரப்பற வேலை. நல்ல பிரிவு.”

“நான் காலேஜ் வழியா ஆபீசர் ஆகறதுக்கு வந்தேன்.”

“படிக்கலாமே. அதுக்கும் நாங்க காசு தர்றோம். இப்ப இது உனக்கு ஒரு இடம் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான்.”

அவர்கள் எல்லோரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் என் மூளை எப்படி வேலை செய்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் மூளையும் அப்படித்தான் வேலை செய்யும். ஆபீசர் என்றால் எண்ணெயைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்தானே என்று நினைத்தேன். பஸ்ஸில் வந்தாயிற்று, வாத்தாக நடந்தாயிற்று, எல்லோரும் அன்பாகப் பேசுகிறார்கள். இவ்வளவு பேரைச் சிரமப்படுத்திவிட்டு “எனக்குப் புரியவில்லை” என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது. ஜூனில் பயிற்சி முகாம், கடைசிக் கையெழுத்து உறுதிமொழிக்குப் பிறகு என்றார்கள். சரி என்று எழுந்து போனேன்.

உறுதிமொழி என்று கேட்டதும் எனக்குக் குஷி. ஏனென்றால் ஆபீசர்கள் எடுக்கும் உறுதிமொழி எனக்கு மனப்பாடம். ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு வீடியோவில் பார்த்து, குளியலறையில் கையைத் தூக்கிக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். “யாருக்குடி உள்ள சத்தியம் பண்ணிக்கிட்டிருக்க, தண்ணி ஆறுது!” என்று அம்மா கதவைத் தட்டுவாள்.

உறுதிமொழி அறையில் நீலக் கம்பளம், மரப் பலகைச் சுவர், வரிசையாகக் கொடிகள். முன்னால் கேப்டன் ஓர்ட்டேகா என்று ஒருவர் நின்றார். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. அன்றைக்கு எத்தனையாவது கூட்டமோ, எங்களைப் பார்க்காமலே பேசினார்.

“இது உங்க சொந்த விருப்பம்தானே?”

“ஆமா சார்!” என்று எல்லோரும் கத்தினோம். நானும்தான்.

“வலது கையைத் தூக்குங்க. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க.”

அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்பது வரை குளியலறையில் சொன்னதேதான். அதற்கு விசுவாசமாக இருப்பேன் என்பதும் அதேதான். அடுத்த வரியை நான் கேப்டனுக்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கிவிட்டேன். “இந்தக் கடமையை நான் மனதில் எந்த மறைப்பும் இல்லாமல், என் விருப்பத்தோடு...”

மற்ற எல்லோரும் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். “...எனக்கு மேல் நியமிக்கப்பட்ட அதிகாரிகளின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவேன்...”

எனக்கு மேல். அந்த இரண்டு சொல்லில் எண்ணெய் லாரி, ஜூன் மாதப் பயிற்சி முகாம், நான் போகாத கல்லூரி எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன. என் கை தானாகக் கீழே இறங்கியது.

கேப்டன் நிறுத்தினார். “என்ன ஆச்சும்மா?”

“சார், இது தப்பான உறுதிமொழி.”

“என்னது?”

“இது ஆபீசரோடது இல்ல சார். அதுல கீழ்ப்படிவேன்னு வராது. விருப்பத்தோட ஏத்துக்கறேன்னு வரும். நான் பாடம் பண்ணியிருக்கேன்.”

எனக்குப் பக்கத்தில் நின்ற, காது பெரிதாக இருந்த ஒரு பையன் கையை இறக்காமலே முனகினான். “சீக்கிரம் பேசி முடிங்கப்பா, கை வலிக்குது.”

கேப்டன் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். “இங்க உன்னை ஆபீசராக்குவாங்கன்னு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல சார். அதையும் பண்ணலாம்னு சொன்னாங்க.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்த 'யும்' அவருக்கும் பழக்கமான ஆள் என்று தெரிந்தது.

“எல்லாரும் கையைக் கீழ போடுங்க” என்றார். பிறகு என்னிடம், “காலேஜ் வழி இந்தக் கட்டடத்துலயே இல்லம்மா. நீ சேரப்போற காலேஜுக்கே நேரா போன் பண்ணு. இங்க சத்தியம் பண்ணிட்டாலும் முகாமுக்குப் போற நாள் வரைக்கும் விலகிக்கலாம், யாரும் உன்னை ஜெயில்ல போடப்போறதில்ல. ஆனா லேசுல விடமாட்டாங்க, போன் பண்ணியே சாகடிப்பாங்க. இப்பவே போயிடறது சுலபம்.”

நான் வரிசையை விட்டு விலகிச் சுவரோரமாகப் போய் நின்றேன். அவர் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது. “வேற யாராவது இது வேற ஏதோன்னு நினைச்சு வந்திருக்கீங்களா? அவசரமில்ல. நான் நிக்கறேன்.”

உண்மையாகவே நின்றார். கடைசியில் பெரிய காதுக்காரன் கேட்டான். “எனக்குச் சமையல் பிரிவு சார். அது நிஜம்தானே?”

“அது நிஜம்.”

“அப்ப எனக்கு ஓகே சார்” என்று கையைத் தூக்கினான். அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் சத்தியம் செய்து நான் பார்த்ததில்லை. அவன் தேடி வந்த கடைக்கே வந்திருந்தான். நான்தான் ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு செருப்பு கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை அழைத்துப் போக டாகெர்ட் அரசாங்கத்தின் சாம்பல் நிறக் காரில் வந்தார். செய்தி எனக்கு முன்னாலேயே அவருக்குப் போயிருந்தது. நகர எல்லை தாண்டும்வரை கையிலிருந்த பானத்தின் காலி டின்னை நசுக்கிக்கொண்டிருந்தார்.

“நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்த மாச ஆள் கணக்கு எனக்கு முடிஞ்சிருக்கும், ப்ரூபேக்கர்.”

“நீங்க வாயைத் திறந்திருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன், சார்ஜென்ட்.”

“நான் ஒரு பொய் சொன்னேனா? சொல்லு பாப்போம்.”

“சொல்லல. அதான் கோவமே.”

சிறிது தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார். “காலேஜ் வழியா போறவங்களால எனக்கு ஒரு புண்ணியமும் இல்ல, புரியுதா? அவங்க என் கணக்குலயே வரமாட்டாங்க. திங்கக்கிழமை ஆனா எங்க மேலதிகாரி வீடியோவுல வந்து, எத்தனை பேரு, ஏன் கம்மின்னு எல்லார் முன்னாலயும் கிழிப்பான். என்னை விடச் சின்னப் பய அவன். நான் டாங்கைப் பிரிச்சுப் போட்டு மாட்டினவன். இப்ப கேன்டீன்ல தண்ணி பாட்டில் குடுத்துக்கிட்டிருக்கேன்.”

“இங்க வரீங்களான்னு உங்களை யாராவது கேட்டாங்களா?”

“எங்க கேட்டாங்க! மூணு வருஷம் இதைப் பாரு, அப்புறம் டாங்குக்கும் போகலாம்னாங்க.”

சொல்லி முடித்ததும் அவர் வாய் அப்படியே நின்றது. அந்தக் 'கும்'மை நாங்கள் இரண்டு பேருமே கேட்டோம்.

“எத்தனை வருஷம் ஆச்சு?” என்றேன்.

“வாயை மூடிக்கிட்டு வா” என்றார். ஆனால் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி எனக்கும் ஒரு ஹாட் டாக் வாங்கினார். அவர் வீட்டுச் சாப்பாடு எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மோசமாகத்தான் இருந்தது.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். “நீ செஞ்சது சரிதான். ஆனா இனிமே ஹீட்டர் போச்சுன்னா யாரைக் கூப்பிடறது?”

மறுநாளே கல்லூரிக்குப் போன் செய்தேன். முதல் மணி அடித்ததுமே எடுத்தார்கள். எடுத்த பெண், இவ்வளவு நாள் எங்கேம்மா இருந்தாய் என்று கேட்டாள். பீட்சா கடைக்குப் பக்கத்தில் என்று சொன்னேன்.

பிப்ரவரி கடைசியில் நேர்காணல். கர்னல் ஹால்வர்சன் என்ற நரைத்த முடிக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். மதிப்பெண், ஓட்டம், விளையாட்டு என்று சுற்றிவிட்டு, கடைசியில் கேட்டார்.

“ராணுவத்துல சேரணும்னா நேரா சேந்துடலாமே. ஆபீசராத்தான் ஆகணும்னு ஏன்?”

டாகெர்ட்டின் அதே கேள்வி, கொஞ்சம் இஸ்திரி போட்டுக் கேட்டார். ஒழுக்கம், தலைமைப் பண்பு, தேசம் என்று ஒரு பதிலை நான் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் திறந்தால், அந்த நீலக் கம்பளம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

“சார், ஒரு ரூமுல சில பேரு கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க. எதுக்குத் தூக்கியிருக்கோம்னு அதுல பாதிப் பேருக்குத் தெரியாது. முன்னால நிக்கறவரு கேள்வியைக் கேட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடலாம், யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. இல்லன்னா கேட்டுட்டு, பதிலுக்கு நிக்கலாம். நான் முன்னால நின்னா, நிப்பேன்.”

கர்னல் பேனாவை மூடி வைத்தார். சரி, ஐஸ்கிரீம் கடைதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். பிறகு, “எந்த ரூம்மா அது?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வாத்து நடை உட்பட. அவர் சிரித்த சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஏப்ரலில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. கிடைத்துவிட்டது. நாலு வருடத்துக்கு இல்லை, மூன்று வருடத்துக்கு. முதல் வருடச் செலவு என் பாடு. அதனால்தான் இந்தக் கோடையிலும் ஐஸ்கிரீம் கடையில் நிற்கிறேன், செப்டம்பர் வரை மட்டும்.

போன வாரம் கடை ஜன்னலில் ஒரு பழக்கமான தலை. சீருடை இல்லாமல் அவர் சின்னவராகத் தெரிந்தார். வெனிலா கேட்டார். நான் மெஷினை இழுத்துச் சுழற்றிக் கொடுத்தேன்.

“இந்தாங்க சார்.”

“சார்னு கூப்பிடாதே, நான் உழைச்சு...” என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி ஐஸ்கிரீமைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கிடைச்சிடுச்சாமே. உங்க அம்மா சொன்னாங்க.”

“அம்மாவை எங்க பாத்தீங்க?”

“டயர் மாத்தப் போனேன். அஞ்சு டயர் வாங்கிட்டு வந்தேன்.” ஒரு வாய் தின்றார். “எனக்கும் உத்தரவு வந்திருக்கு. கான்சாஸ். இலையுதிர் காலத்துல கிளம்பறேன்.”

“டாங்கா?”

“டாங்க்” என்றார். ஹீட்டர் ஓடிய அன்றைக்கு இருந்த அதே முகம். “நாலு வருஷம் கழிச்சு நீ அங்க வந்து நின்னேன்னு வை, நான் உனக்கு சல்யூட் அடிச்சு மேடம்னு கூப்பிடணும். அந்தக் கொடுமையையும் பாக்கணுமா நான்?”

“கவலப்படாதீங்க சார்ஜென்ட். அதையும் பண்ணலாம்.”

அவர் சிரித்ததில் வெனிலா சட்டையில் விழுந்தது.

அந்த நாற்காலியில் இலையுதிர் காலத்தில் வேறொரு சார்ஜென்ட் வந்து உட்காருவார். அவரும் அனேகமாக நல்ல மனிதராகத்தான் இருப்பார். அவருக்கும் திங்கட்கிழமைகள் இருக்கும். அதனால் உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், கல்லூரியில் படித்துக்கொண்டே ஆபீசர் ஆகப்போகிறேன் என்று ஏதாவது ஒரு பிள்ளை நெடுஞ்சாலைக் கடைகளின் பக்கம் கிளம்பினால், இதைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். படிக்க நேரமில்லை என்று ஓடினால், ஓடுகிறபோதே பின்னாலிருந்து இதை மட்டுமாவது கத்திச் சொல்லிவிடுங்கள்: 'யும்' வந்தால், அதற்கு முன்னால் என்ன என்று கேள்.